டாப்ஸ் தீர்ப்புக்கு மிஷிகன் பல்கலைக்கழகம் தயாரான விதம்

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு பற்றிய டாப்ஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்ன அதே நாளில், மிஷிகன் பல்கலைக்கழகத்தின் தலைவர் மேரி சூ கோல்மன் ஓர் அறிக்கை வெளியிட்டார். கருக்கலைப்புச் சேவை பெண்களுக்குக் கிடைப்பதைத் தாம் உறுதியாக ஆதரிப்பதாகவும், பல்கலைக்கழகம் அந்தச் சேவையைத் தொடர்ந்து வழங்கத் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்யப்போவதாகவும் அதில் சொல்லியிருந்தார். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு எதிராக இப்படிப் பேசலாமா, பேசியதால் நடைமுறையில் என்ன விளைந்தது என்பது இதையொட்டி எழும் கேள்வி. கேள்வியின் முதல் பாதி ஒரு தவறான அனுமானத்தின் மேல் நிற்கிறது. இரண்டாம் பாதிக்கு விடை தேடுபவர்கள், அந்த அறிக்கையை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய மே மாதத்திலேயே பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் ஆரவாரமில்லாமல் தொடங்கிய வேலையைப் பார்க்க வேண்டும்.

முதலில் தீர்ப்பு. டாப்ஸ் தீர்ப்பு கருக்கலைப்பைத் தடைசெய்யவில்லை. மிசிசிப்பி மாநிலம் 2018இல் இயற்றிய, 15 வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் செல்லுமா என்பதே வழக்கு. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் அது செல்லும் என்றார்கள். அந்த ஆறு பேரில் ஐவர், நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிய தீர்ப்பின் வழியாக, அதையும் தாண்டிப் போய், கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக ஏற்ற 1973இன் ரோ தீர்ப்பையும் அதை உறுதிசெய்த 1992இன் கேசி தீர்ப்பையும் முற்றாக ரத்து செய்தார்கள். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அந்த அளவுக்குப் போக மறுத்துத் தனியாக எழுதினார். இதனால் கருக்கலைப்பு கூட்டாட்சி அரசியலமைப்பின் காவலை இழந்தது. அனுமதிப்பதும் தடுப்பதும் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பாயிற்று. ஆகவே மிஷிகன் பல்கலைக்கழகத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் எந்த ஆணையையும் மீறவில்லை. மீறுவதற்கு அந்தத் தீர்ப்பில் பல்கலைக்கழகங்களுக்கு ஆணை எதுவும் இல்லை. அவர் அஞ்ச வேண்டியிருந்தது தம் சொந்த மாநிலத்தின் சட்டப் புத்தகத்தில் கிடந்த ஒரு பழைய பிரிவுக்கு.

மிஷிகனின் 1931ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் உள்ள அந்தப் பிரிவுக்கு வேர் 19ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. கர்ப்பிணியின் உயிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்டாலன்றி, கருக்கலைப்புச் செய்பவருக்கு நான்கு ஆண்டு வரை சிறை என்கிறது அது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு இல்லை; உடல்நலக் கேடு ஏற்படும் என்பதற்காகவும் விலக்கு இல்லை; உயிர் போகும் நிலை ஒன்றுதான் விலக்கு. 1972இல் இதைத் தளர்த்த முயன்ற பொது வாக்கெடுப்பு தோற்றது. அடுத்த ஆண்டே ரோ தீர்ப்பு வந்து இந்தப் பிரிவைச் செயலிழக்கச் செய்தது. செயலிழந்த சட்டத்தை நீக்கச் சட்டமன்றம் மெனக்கெடவில்லை. அரை நூற்றாண்டு அது அப்படியே இருந்தது. ரோ தீர்ப்பு விழுந்தால் மிஷிகன் புதிய தடைச் சட்டம் எதையும் இயற்றத் தேவையில்லை, பழையது தானாகவே உயிர்பெறும் என்பதை அம்மாநில வழக்கறிஞர்கள் எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

அதனால்தான் தீர்ப்புக்கு இரண்டரை மாதம் முன்பே, 2022 ஏப்ரல் 7 அன்று, ஆளுநர் கிரெட்சன் விட்மர் மாநில அரசியலமைப்பின் அடிப்படையில் அந்தப் பிரிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அதே நாளில், கருக்கலைப்பு உள்ளிட்ட இனப்பெருக்க நலச் சேவைகளை வழங்கும் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்பின் மிஷிகன் கிளையும் தனி வழக்குத் தொடுத்தது. மே 2 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வரைவு பொலிட்டிகோ இதழ் வழியாகக் கசிந்தது. மே 17 அன்று மாநில நீதிபதி எலிசபெத் கிளைச்சர் 1931ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செயல்படுத்த இடைக்காலத் தடை விதித்தார். கோல்மன் தம் அறிக்கையை எழுதிய நாளில் மிஷிகனில் கருக்கலைப்பு சட்டபூர்வமாக இருந்தது இந்த ஒற்றைத் தடையாணையின் பலத்தில்தான். பல்கலைக்கழகம் சட்டத்தை மீறியது என்று அப்போது குற்றம் சாட்டியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

இனி, ஒரு பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன வேலை என்ற ஐயம். தமிழ்நாட்டு வாசகருக்கு இது இயல்பாகவே எழும். சென்னைப் பல்கலைக்கழகமோ அண்ணா பல்கலைக்கழகமோ மகப்பேறு மருத்துவமனை நடத்துவதில்லை, மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் தனி மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. மிஷிகனின் நிலைமை வேறு. அமெரிக்காவில் தனக்கென்று சொந்தமாக மருத்துவமனை தொடங்கிய முதல் பல்கலைக்கழகம் அதுதான். ஆண்டு 1869, பேராசிரியர் ஒருவர் குடியிருந்த வீட்டை மாற்றி அமைத்த சிறு மருத்துவமனை அது. இன்று மிஷிகன் மெடிசின் என்ற பெயரில் இயங்கும் அதன் மருத்துவ அமைப்பு, மற்ற மருத்துவமனைகள் கையாள முடியாத சிக்கலான கர்ப்பங்களை ஏற்கும் இடம். கர்ப்ப காலத்தில் இதயம் செயலிழப்பவர், புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர், சிசுவுக்கு உயிர்வாழ முடியாத குறை இருப்பது தாமதமாகத் தெரியவருபவர் ஆகியோர் மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் அங்கே அனுப்பப்படுகிறார்கள். அதே பல்கலைக்கழகம்தான் மகப்பேறு மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சி தருகிறது. பல்லாயிரம் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு ஏற்பாடு செய்கிறது. ஆன் ஆர்பர் வளாகத்தில் மட்டும் 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களுக்குப் பொறுப்பேற்றிருக்கிறது. 1931ஆம் ஆண்டுச் சட்டம் உயிர்பெற்றால், சிறைத் தண்டனையை எதிர்நோக்கப்போகிறவர்கள் அதன் சொந்தப் பேராசிரியர்கள். இப்படிப்பட்ட நிறுவனத்திடம் ‘உனக்கேன் இந்த வம்பு’ என்று கேட்பதில் பொருளில்லை.

அங்கே மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருக்கும் லிசா ஹாரிஸ், 2022 மே மாதம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரை, இந்த முன்னேற்பாட்டின் தன்மையைப் புரிந்துகொள்ளச் சிறந்த ஆவணம். கொள்கை வாதங்கள் அதில் குறைவு, கேள்விகளே மிகுதி. உயிரைக் காக்க மட்டும் அனுமதி என்கிறது சட்டம். அப்படியானால் உயிருக்கு ஆபத்து எத்தனை விழுக்காடு இருக்க வேண்டும், எவ்வளவு நெருக்கத்தில் இருக்க வேண்டும்? நுரையீரல் தமனிகளில் இரத்த அழுத்தம் மிகுந்த ஒரு பெண்ணிடம், கர்ப்பத்தைத் தொடர்ந்தால் இறக்கும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். அது போதுமா, அல்லது நூற்றுக்கு நூறாக இருக்க வேண்டுமா? புற்றுநோய் கண்டவர் உடனே வேதிச் சிகிச்சையைத் தொடங்கக் கர்ப்பத்தைக் கலைக்க விரும்புகிறார். சிகிச்சை தாமதமானதன் விளைவு பல ஆண்டு கழித்து நோய் திரும்பும்போதுதான் வெளிப்படும். அந்த மரணத்தைச் சட்டம் கணக்கில் எடுக்குமா? சட்டம் எழுதியவர்கள் இவற்றை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தே ஆக வேண்டியவர், நள்ளிரவில் நோயாளியின் அருகே நிற்கும் பணி மருத்துவர். அவர் அந்த நேரத்தில் வழக்கறிஞரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே, யார் முடிவெடுப்பது, எப்படிப் பதிவுசெய்வது, எந்த நோயாளியை எந்த மாநிலத்துக்கு அனுப்புவது என்பவற்றை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் மே மாதத்தில் பல்கலைக்கழகம் ஒரு பணிக்குழுவை அமைத்தது. ஹாரிஸும் மகப்பேறு மருத்துவத் துறைத் தலைவர் டீ ஃபென்னரும் இணைந்து அதற்குத் தலைமை ஏற்றார்கள். நோயாளிகள், பயிற்சி மருத்துவர்கள், மாணவர்கள், ஊழியர்கள் ஆகியோரைத் தடை எவ்வாறு பாதிக்கும், அந்தப் பாதிப்பைச் சட்டத்துக்கு உட்பட்டு எப்படிக் குறைப்பது என்பது அதற்கு இடப்பட்ட பணி. என் மதிப்பீட்டில், பல்கலைக்கழகத்தின் உண்மையான பதில் இதுதான். ஜூன் 24ஆம் நாள் அறிக்கைக்கு எடை கிடைத்ததும் இந்தக் குழு ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்ததால். அதே நாளில் மாநிலத்தின் மிகப் பெரிய தனியார் மருத்துவமனைக் குழுமங்களில் ஒன்று, தடையாணை நிலவியபோதும் 1931ஆம் ஆண்டுச் சட்டத்தையே பின்பற்றப்போவதாகத் தன் மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டு, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதையும், ஆயத்தமில்லாத இடத்தில் அது எப்படி வெளிப்படும் என்பதையும் இந்த ஒரு நாள் குழப்பமே காட்டியது.

கோல்மன் அப்போது இடைக்காலத் தலைவர். 2002 முதல் 2014 வரை அப்பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். 2022 ஜனவரியில் முந்தைய தலைவர் நீக்கப்பட்டபோது மீண்டும் அழைக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் சாந்தா ஓனோ பொறுப்பேற்கும் வரை இருந்தார். மறுபடியும் பதவிக்கு நிற்கத் தேவையில்லாத ஒருவரால் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச முடிந்தது என்று கருத இடமுண்டு. ஆனால் அதைவிட முக்கியமானது பல்கலைக்கழகத்தின் சட்ட நிலை. மாநில அரசியலமைப்பே அதற்குத் தன்னாட்சி வழங்கியிருக்கிறது. அதை ஆளும் ஆட்சிக்குழுவின் எட்டு உறுப்பினர்களும் மாநிலம் தழுவிய தேர்தலில் வாக்காளர்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். சட்டமன்றம் நிதியைக் குறைக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் உள்நிர்வாகத்தைக் கையில் எடுப்பது எளிதல்ல. தீர்ப்புக்குப் பிறகு வெவ்வேறு மாநிலப் பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு தொனியில் பேசியதற்குத் தலைவர்களின் துணிவு மட்டும் காரணமன்று; அவர்கள் தலைக்கு மேல் இருந்த சட்டமும் காரணம்.

ஐடஹோ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அம்மாநிலம் 2021இல் கருக்கலைப்புக்கு அரசுப் பணத்தைச் செலவிடுவதைத் தடுத்து ஒரு சட்டம் இயற்றியிருந்தது. கருக்கலைப்பை ஊக்குவிப்பதும் ஆலோசனை சொல்வதும்கூட அதன் வரம்புக்குள் வரும். 2022 ஆகஸ்டில் கருக்கலைப்புத் தடைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பர் 23 அன்று பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பணி நேரத்தில் கருக்கலைப்பை ஆதரிப்பதாகத் தோன்றும் எதையும் சொல்ல வேண்டாம், வகுப்பில் அந்தப் பொருள் வந்தால் நடுநிலையோடு நில்லுங்கள், மீறினால் வேலை போகலாம், வழக்கும் வரலாம் என்றது. கருத்தடை பற்றிய 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றையும் சுட்டிக்காட்டி, ஆணுறைகளைப் பால்வினை நோய்த் தடுப்புக்காக வழங்கலாம், கருத்தடைக்காக வழங்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. வெள்ளை மாளிகை வரை கண்டனம் எழுந்தது. அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் தெளிவில்லாமல் எழுதப்பட்ட சட்டத்தையும் கடுமையான தண்டனையையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு நிறுவன வழக்கறிஞர் தம் ஊழியர்களைக் காக்க எழுதக்கூடியது அதுதான். பேராசிரியர் சங்கங்கள் 2023இல் வழக்குத் தொடுத்தன. அதன் பிறகே, கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று மாநிலத் தலைமை வழக்குரைஞர் கருத்துத் தெரிவித்தார். ஓராண்டுக்கு மேல் வகுப்பறை அச்சத்தில் இருந்தது.

மறு கோடியில் கலிபோர்னியா. அங்கே 2019இலேயே இயற்றப்பட்ட சட்டம், அரசுப் பல்கலைக்கழக வளாகங்களின் மாணவர் நல மையங்கள் 2023 ஜனவரி 1 முதல் மாத்திரை வழியான கருக்கலைப்பை வழங்கியாக வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குத் தீர்ப்பு தயக்கம் எதையும் தரவில்லை. குறித்த தேதிக்குள் வேலையை முடிப்பதே அவற்றின் கவலை.

மீண்டும் மிஷிகன். ஆகஸ்ட் 1 அன்று மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், கிளைச்சரின் தடையாணை மாவட்ட அரசு வழக்குரைஞர்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. ஆன் ஆர்பர் இருக்கும் வாஷ்டெனா மாவட்டத்தின் வழக்குரைஞர், இந்தச் சட்டத்தின் கீழ் யார் மீதும் வழக்குத் தொடுக்கமாட்டேன் என்று ஏப்ரலிலேயே அறிவித்திருந்த ஏழு பேரில் ஒருவர். ஆனால் அந்த வாக்குறுதி அவர் பதவியில் இருக்கும் வரைக்கும்தான். குற்ற வழக்குக்கான காலவரம்பு பல ஆண்டுகள் நீள்வது, பின்னால் தேர்ந்தெடுக்கப்படுபவர் பழைய கோப்பைத் திறக்கலாம். நல்லெண்ணத்தை நம்பி அறுவைச் சிகிச்சை செய்ய முடியாது. அன்று பிற்பகலே ஓக்லண்ட் மாவட்ட நீதிமன்றம் வேறொரு தடையாணை பிறப்பித்தது. காலையிலிருந்து பிற்பகல் வரை மாநிலத்தில் சட்டம் என்ன என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல இயலாத நிலை. ஆன் ஆர்பருக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒஹாயோவின் டொலிடோ நகரில், தீர்ப்பு வந்த நாளிலேயே ஏறத்தாழ ஆறு வாரத்துக்குப் பிந்தைய கருக்கலைப்புக்குத் தடை அமலுக்கு வந்திருந்ததால், அங்கிருந்து வடக்கே வரும் பெண்களின் எண்ணிக்கையையும் மிஷிகன் மருத்துவமனைகள் எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

இதே கோடையில் பல்கலைக்கழகத்துக்கு வேறொரு சோதனையும் வந்தது. அதைக் கையாண்ட விதம் எனக்குக் கோல்மனின் அறிக்கையைவிட மதிப்புக்குரியதாகப் படுகிறது. ஜூலை 24 அன்று நடந்த, மருத்துவப் பள்ளியில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு வெள்ளை அங்கி அணிவிக்கும் விழாவில், கருக்கலைப்பை எதிர்ப்பவராக அறியப்பட்ட அந்தப் பள்ளியின் பேராசிரியை ஒருவர் சிறப்புரை ஆற்றவிருந்தார். வேறு பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கக் கோரி முந்நூறுக்கு மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். ஒருவரது தனிப்பட்ட நம்பிக்கைக்காக அழைப்பைத் திரும்பப் பெற முடியாது என்று பள்ளி நிர்வாகம் மறுத்துவிட்டது. அவர் பேச எழுந்தபோது பல டஜன் மாணவர்கள் எழுந்து வெளியேறினார்கள். அவர் கருக்கலைப்பைத் தொடாமல், மருத்துவர்கள் இயந்திரமாகிவிடாமல் இருப்பதைப் பற்றிப் பேசி முடித்தார். வெளியேறியவர்கள் மீது நடவடிக்கை இல்லை. தலைவர் ஒரு பக்கம் நிலைப்பாடு எடுத்திருந்தும், எதிர்நிலை கொண்ட ஆசிரியரின் மேடை பறிக்கப்படவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பயிற்சி மருத்துவர்களைப் பற்றிய கவலை, வெளியில் அதிகம் பேசப்படாத ஆனால் நீண்டகால விளைவு கொண்ட பகுதி. தீர்ப்புக்கு முன் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் மகப்பேறு மருத்துவப் பயிற்சி பெறும் சுமார் 6,000 பேரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர், கருக்கலைப்பு உறுதியாகவோ பெரும்பாலுமோ தடைசெய்யப்படக்கூடிய மாநிலங்களில் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டது. கருக்கலைப்புக்கான செயல்முறையும், பாதியில் சிதைந்த கருவை அகற்றி இரத்தப்போக்கை நிறுத்தும் செயல்முறையும் ஒன்றே. முன்னதைப் பழகாதவர் பின்னதிலும் தடுமாறுவார். தடை உள்ள மாநிலங்களின் பயிற்சித் திட்டங்கள் தம் மருத்துவர்களை வேறு மாநிலத்துக்கு அனுப்பியாவது பயிற்சிக்கு வழிசெய்ய வேண்டும் என்று, முதுநிலைப் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் தேசிய அமைப்பு அதே ஆண்டில் விதியைத் திருத்தியது. மிஷிகனில் தடை வந்திருந்தால் அங்குள்ள துறையும் இந்த வரிசையில்தான் நின்றிருக்கும்.

அது வராமல் போனதற்குக் காரணம் பல்கலைக்கழகம் அன்று, வாக்காளர்கள். கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் மூன்றாம் முன்மொழிவுக்காக ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள் திரண்டன. மனுவில் சொற்களுக்கு இடையே போதிய இடைவெளி இல்லை என்ற விந்தையான ஆட்சேபத்தால் தேர்தல் வாரியம் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து முடங்க, மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை வாக்குச்சீட்டில் சேர்த்தது. நவம்பர் 8 அன்று ஏறத்தாழ 57 விழுக்காடு ஆதரவோடு அது நிறைவேறியது. பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்தில் நகர நிர்வாகம் திறந்திருந்த வாக்காளர் பதிவு மையத்தில், அன்றே பெயர் பதிந்து அன்றே வாக்களிக்க வரிசையில் நின்ற மாணவர்களுள் கடைசி ஆட்கள் வாக்களித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. இப்படி வாக்களியுங்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வளாகத்தில் இடம் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. 2023 ஏப்ரலில் விட்மர் 1931ஆம் ஆண்டுப் பிரிவை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இந்தியாவிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் மாணவியரும் அவர்கள் பெற்றோரும் இதிலிருந்து அறிய வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும் பல்கலைக்கழகப் பெயரைப் போலவே மாநிலத்தின் பெயரும் முக்கியம். மாணவர் மருத்துவக் காப்பீடு எதை ஏற்கும், வளாக மருத்துவர் எதைச் சொல்லலாம், கருச்சிதைவு ஏற்பட்டால் சிகிச்சை தாமதமாகுமா என்பவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. சேருவதற்கு முன்பே மாணவர் நல மையத்துக்கு எழுதிக் கேட்பதில் தவறில்லை.

இறுதியாக, பேசலாமா என்ற கேள்வி. பல்கலைக்கழகம் விமர்சகர்களின் இல்லமாக இருக்க வேண்டும், தானே விமர்சகராக இருக்கக் கூடாது என்ற கருத்து அமெரிக்காவில் 1967இன் சிகாகோ பல்கலைக்கழகக் குழு அறிக்கையிலிருந்து வலுவாக இருந்துவருகிறது. காசா போரை ஒட்டி வளாகங்களில் எழுந்த மோதல்களுக்குப் பிறகு அது மேலும் பரவியது. 2024 அக்டோபரில் மிஷிகன் ஆட்சிக்குழுவும் நிறுவன நடுநிலையை விதியாக ஏற்றது. பல்கலைக்கழகத்தின் உள்செயல்பாட்டோடு நேரடியாகத் தொடர்பில்லாத அரசியல், சமூகப் பிரச்சினைகளில் தலைவர்கள் நிறுவனத்தின் பெயரால் நிலைப்பாடு எடுக்கக் கூடாது என்கிறது அந்த விதி. அப்படியானால் 2022இன் அறிக்கையை இன்று வெளியிட முடியுமா? அதில் இரண்டு கூறுகள் இருந்தன. கருக்கலைப்பு உரிமையை நான் ஆதரிக்கிறேன் என்ற முதல் கூறு பெரும்பாலும் இந்த விதியின் முன் நிற்காது. எங்கள் மருத்துவமனை இந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து அளிக்கும், எங்கள் மருத்துவர்கள் கைவிடப்படமாட்டார்கள் என்ற இரண்டாம் கூறு முழுக்க முழுக்க உள்செயல்பாடு பற்றியது. எந்த நடுநிலை விதியும் அதைத் தடுக்க முடியாது. நோயாளிகளுக்குத் தேவைப்பட்டதும் அந்த இரண்டாம் கூறுதான்.